பூவுக்கு நான் போட்ட வரி

பறித்த பூவுக்கு நம் நாட்டில் ஜிஎஸ்டி கிடையாது. ரோஜாவோ ஜெர்பெராவோ, கோயம்பேட்டில் கிலோ கணக்கில் அள்ளினாலும் சரி, ரிப்பன் கட்டி பொக்கேயாகக் கொடுத்தாலும் சரி, வரி பூஜ்யம்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து இதுவே நிலை. பொக்கேயில் கூடையும் ரிப்பனும் இருக்கிறதே என்று யாரும் குழம்பக்கூடாது என்பதற்காகச் சுங்க வரிப் பட்டியலின் 6-ஆம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பே உண்டு: பொக்கே, பூக்கூடை, மலர்வளையம் எல்லாம் பூவாகவே கொள்ளப்படும், அவற்றோடு சேர்ந்த மற்றப் பொருள்களைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இது எனக்குத் தெரியும். ஆனாலும் என் இணையக் கடையில் பூ வாங்கியவர்கள் எல்லோரிடமும் மூன்று ஆண்டுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று எழுதிப் பணம் வாங்கினேன். தொடக்கத்தில் கவனக்குறைவு. பிறகு தெரிந்தே. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகவில்லை. என் டெலிவரிச் செலவுக்குப் போனது.

சென்னையில் எங்கள் கடை அப்பா காலத்தில் தொடங்கியது. கதம்பமும் சாமந்தி மாலையும் விற்ற கடை, நான் பொறுப்புக்கு வந்தபின் பொக்கே, மேடை அலங்காரம் என்று வளர்ந்தது. கல்லாவில் உட்கார்ந்து முழம் மல்லிகைக்கு ஒருநாளும் வரி கேட்டதில்லை. கல்யாண மாலையை மண்டபத்துக்கு அனுப்பச் சொன்னால் அப்பா இரண்டாகத்தான் சொல்வார்: பூ இவ்வளவு, வண்டிக்கூலி இவ்வளவு. வண்டிக்கூலி ஆட்டோக்காரருக்கு அப்படியே போகும். பேரம் பேசுகிறவர்கள் பூ விலையில்தான் பேசுவார்கள். வண்டிக்கூலியில் யாரும் கை வைத்ததில்லை.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. கல்யாணங்கள் இருபது முப்பது பேரோடு வீட்டுக்குள் நடந்தன. கோயில்கள் பூட்டியிருந்தன. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குள் இணையக் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வெறியே எனக்கு இருந்தது. பூவோடு கேக், சாக்லேட், கரடி பொம்மை, கண்ணாடி ஜாடி எல்லாம் ஏற்றினோம். தளத்தைச் செய்துகொடுத்த பையன் கேட்டான்: “அண்ணா, டாக்ஸ் எவ்வளவு போடட்டும்?” நான் மாலை கட்டுகிறவர்களோடு ஏதோ தகராறில் இருந்தேன். “எல்லாத்துக்கும் பதினெட்டுப் போட்டுடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

இந்தக் கடை மென்பொருள்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஏற்றுகிற எந்தப் பொருளும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ‘வரிக்குரியது’ என்ற நிலையில்தான் போய் உட்காரும். வரி இல்லாத பொருளைத் தேடித் தேடி மாற்ற வேண்டும், அல்லது பூஜ்ய வரி என்று தனி வகுப்பு வைத்து அதில் சேர்க்க வேண்டும். டெலிவரிக் கட்டணத்துக்கு வரி வேண்டுமா வேண்டாமா என்பதையும் கூடையில் உள்ள பொருளைப் பார்த்தே அது முடிவு செய்யும். பொருளுக்கு 18 என்றால் டெலிவரிக்கும் 18. ஒரு மதிய வேளை உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. நான் உட்காரவில்லை. இதில் மென்பொருளின் மேலும் அந்தப் பையன் மேலும் ஒரு குற்றமும் இல்லை. அவன் கேட்டான். பதில் சொன்னது நான்.

இனி டெலிவரிக்கு வருகிறேன். தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பது மற்றப் பொட்டலம் கொடுப்பது போல இல்லை. சட்டையையோ புத்தகத்தையோ இருபது முப்பதாக ஒரே பையில் போட்டு நாள் முழுக்கச் சுற்றிக் கொடுக்கலாம். சித்திரை வெயிலில் ஜெர்பெராவை அப்படிச் சுற்றவிட்டால் கழுத்து தொங்கிவிடும். ஒரு வண்டியில் இரண்டு பொக்கே, மிஞ்சினால் மூன்று. ஆளுயரப் பூ ஸ்டாண்டு என்றால் ஆட்டோதான். பணம் கட்டுகிறவர் ஒருவர், பெறுகிறவர் இன்னொருவர். மகன் நியூ ஜெர்சியில் இருந்து அனுப்புவான், அம்மா ஆவடியில் இருப்பார். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பதால் முன்கூட்டி போன் செய்யக்கூடாது என்பார்கள். போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கும். அடுக்ககத்தின் வாசலில் செக்யூரிட்டி விடமாட்டார். இரண்டாவது முறை போவதற்கு யாரிடம் பணம் கேட்பது? பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு ஒரு நடை சராசரியாக எனக்கு 160 ரூபாய் பிடித்தது. அந்தக் கணக்கு என் நோட்டிலேயே இருந்தது.

நான் தளத்தில் போட்ட டெலிவரிக் கட்டணம் 49 ரூபாய். பெரிய நிறுவனங்கள் இலவசம் என்று விளம்பரம் செய்தபோது 160 என்று போட எனக்கு மனம் வரவில்லை. போட்டால் யார் வருவார்கள் என்று பயந்தேன். எல்லைகளையும் ஆராயாமல் போட்டேன். பின்கோடு 600 என்று தொடங்கினால் சென்னை, 49. மற்றது வெளியூர், டெலிவரி இல்லை. ஆவடி 600054, எண்ணூர் 600057, சோழிங்கநல்லூர் 600119. எங்கள் கடையிலிருந்து இவை எல்லாம் எவ்வளவு தூரம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றுக்கும் அதே 49. பழைய மாமல்லபுரம் சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் கேளம்பாக்கத்தின் எண் 603 என்று தொடங்குவதால் அங்கிருந்து கேட்டவர்களுக்கு வெறுமனே ‘இல்லை’.

இப்போது ஒரு பில்லைச் சொல்கிறேன். சிவப்பு ரோஜா பொக்கே 799 ரூபாய். டெலிவரி 49. இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 152 ரூபாய் 64 காசு. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். டெலிவரியில் எனக்கு விழுந்த ஓட்டை 111 ரூபாய். அந்த 152 ஓட்டையை அடைத்ததோடு மேலும் கொஞ்சம் கையில் கொடுத்தது. வாங்குகிறவர் கண்ணில் 799 என்ற விலை பட்டது, 49 என்ற மலிவான டெலிவரி பட்டது. மிச்சத்தை அரசாங்கத்தின் பேரில் வாங்கினேன். விலை ஏறினால் கடைக்காரனைக் கோபிப்பார்கள். வரி என்றால் யாரும் கடைக்காரனைக் கோபிப்பதில்லை. அந்த வசதியைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆடிட்டருக்கு மாதாமாதம் விற்பனைப் பட்டியல் அனுப்பும்போது, கடையின் பழைய வழக்கப்படி, பூ விற்பனையை வரி இல்லாத இனத்தில் எழுதி அனுப்பினேன். அவரும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில் அதைப் பூஜ்ய வரி விற்பனை என்று சரியாகவே காட்டினார். ஆக, அரசாங்கத்துக்குக் கொடுத்த கணக்கில் பூவுக்கு வரி இல்லை. வாடிக்கையாளருக்குப் போன பில்லில் வரி உண்டு, அதன் தலையில் என் ஜிஎஸ்டி எண்ணும் உண்டு. 2022 மார்ச்சில் ஆண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது பேமென்ட் கேட்வே அனுப்பிய தொகைக்கும் என் விற்பனைத் தொகைக்கும் இடித்தது. எங்கே இடிக்கிறது என்று தேடி இரவோடு இரவாகக் கண்டுபிடித்தேன். மறுநாள் காலையில் அதைத் திருத்தியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அந்த நாளுக்கு முன்னால் நடந்ததை மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பூவுக்கு வரி இல்லை என்பது பூக்கடைக்காரனுக்கு முழு லாபமில்லை. பூ செருகும் ஃபோம், ரிப்பன், சுற்றும் தாள் எல்லாவற்றுக்கும் நான் ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்குகிறேன். வெளியிலிருந்து டெலிவரி நிறுவனத்தை அமர்த்தினால் அவர்கள் பில்லிலும் 18 சதவீதம் இருக்கும். சாக்லேட் விற்கிறவர், தான் கட்டிய வரியைத் தான் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வார். வரி இல்லாத பொருளை விற்கும் எனக்கு அந்தக் கழிவு கிடையாது. அந்த வரிச் சுமை என் அடக்கவிலையில் தங்கிவிடும். ஆகவே, நான் கட்டிய வரியைத்தானே திருப்பி எடுக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடக்கவிலை கூடினால் விலையைக் கூட்டுவது என் உரிமை. 799-ஐ 850 ஆக்கியிருக்கலாம், டெலிவரியை 160 ஆக்கியிருக்கலாம். அதைப் பார்த்து வாங்குவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்திருப்பார்கள். அந்த முடிவைத்தான் நான் அவர்களிடமிருந்து பறித்தேன்.

சாக்லேட்டும் ரோஜாவும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்கு வைத்த பரிசுகளுக்கு மட்டும் அப்போது 18 சரியாக இருந்தது. சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்கிறது. உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி அதிகமோ அதுவே பெட்டி முழுவதுக்கும். தனித்தனி விலை போட்டுத் தனித்தனியாக விற்றால் சாக்லேட்டுக்கு மட்டும்தான் வரி. வெறும் பூவை வீட்டில் கொடுப்பதற்கு வாங்கும் டெலிவரிக் கட்டணம் பூவோடு இயல்பாகச் சேர்ந்தது. பிரதானப் பொருள் பூ என்பதால் அதற்கும் வரி இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

வாரந்தோறும் பூஜைக்குப் பூ வாங்கும் ஒரு அம்மா இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். உதிரி அரளி, கொஞ்சம் சம்பங்கி, தொடுத்த மல்லி இரண்டு முழம், மரிக்கொழுந்து. வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் கடைக்குப் போன் செய்தார்.

“தம்பி, பூவுக்கு எப்ப இருந்து வரி போடறாங்க?”

நான் சொன்ன பதில் இது: “அது கம்ப்யூட்டர்லயே வந்துடுதும்மா. நம்ம கையில இல்ல.”

அவர் ஒரு நொடி பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “சரிப்பா, அரசாங்கத்துக்குத்தானே போகுது. போகட்டும்.”

இவ்வளவையும் ஒப்புக்கொள்ளும்போது எதைச் சொல்ல எனக்கு அதிகம் கூசுகிறது என்றால் இந்த ஒரு பேச்சைத்தான். கேள்வி கேட்காத ஆயிரம் பேரிடம் நான் வாங்கியது ஒரு வகை. கேட்டவரிடம், வயதில் மூத்தவரிடம், நேரடியாகப் பொய் சொன்னது வேறு. என்னை நம்பிப் போனை வைத்தார். அடுத்த வியாழக்கிழமையும் வரியோடு வாங்கினார்.

ஆர்டர் பார்க்கும் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். சில வாரம் கழித்து என்னிடம் வந்தாள். “அண்ணா, அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு கூப்பன் போட்டு வரிப் பணத்தைக் கழிச்சிடலாமா? பாவமா இருக்கு” என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். நான் உடனே சரி என்றேன், கூப்பனும் போட்டாகிவிட்டது, மனம் கொஞ்சம் லேசானதுகூட உண்மை. அன்றிரவு தூங்கப் போகும்போதுதான் உறைத்தது. கேட்டவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்காதவரிடம் தொடர்ந்து வாங்குவதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று இனி யாரிடமும் சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பெண்ணுக்கு 23 வயது. முதலாளி எப்படிப் பிழைக்கிறார் என்பதை என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

2024 தைப் பொங்கல் கழிந்த வாரம் ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சட்டப் புத்தகத்தின் 76-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். வரி என்ற பெயரில் யாரிடம் எதை வசூலித்தாலும், அந்தப் பொருளுக்கு வரி உண்டோ இல்லையோ, அதை உடனே அரசாங்கத்திடம் செலுத்தியாக வேண்டும். கட்டாமல் வைத்திருந்த காலத்துக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். அதிகாரிகளே கண்டுபிடித்தால் அதே அளவு அபராதமும் போடலாம். வரி இல்லாத பொருளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ இல்லை, ‘பில் ஆஃப் சப்ளை’ என்பதையும் அப்போதுதான் நிறுத்தி நிதானமாகக் கேட்டுக்கொண்டேன். டிஆர்சி-03 என்ற படிவத்தில் நாமே முன்வந்து கட்டலாம் என்றார். கட்டினேன். மனைவியின் நகையில் ஒரு பகுதி வங்கிக்குப் போனது. அவளிடம் காரணத்தைச் சொன்னதும் இந்த ஒப்புதலில் ஒரு பகுதிதான்.

வாடிக்கையாளரின் பணம் வாடிக்கையாளருக்குத்தானே போக வேண்டும் என்று கேட்டேன். சட்டப்படி முதலில் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். சுமையைத் தாங்கியவர் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி இருக்கிறது. யாரும் கேட்காதது நுகர்வோர் நல நிதிக்குப் போகும் என்றார். 150 ரூபாய்க்காக ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத யார் வருவார்கள்? அதனால் என் கையிலிருந்தே இன்னொரு முறை கொடுப்பது என்று முடிவு செய்தேன். எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. ‘உங்களுக்குப் பணம் திரும்ப வருகிறது, யுபிஐ எண்ணை அனுப்புங்கள்’ என்று செய்தி அனுப்பினால், இந்தக் காலத்தில் அதை மோசடி என்றுதான் நினைப்பார்கள். பலர் எண்ணை பிளாக் செய்தார்கள். ஒருவர் போலீஸில் சொல்லிவிடுவேன் என்றார். வெளிநாட்டுக் கார்டில் கட்டியவர்கள் பலருக்கு இன்னும் கொடுக்க முடியவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கு நானே போனேன். முழுப் பணத்தையும் கொடுத்துக் காரணத்தைச் சொன்னேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி” என்று மட்டும் சொன்னார். இப்போது அவர் எங்களிடம் வாங்குவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை சொல்ல இடமில்லை.

கட்டணத்தை மாற்றி அமைத்தோம். ஐந்து கிலோமீட்டர் வரை 70, பத்து வரை 120, அதற்கு மேல் 180, ஸ்டாண்டுக்கு ஆட்டோக் கூலி உள்ளபடி. கேளம்பாக்கமும் இப்போது உண்டு, அதன் தூரத்துக்குரிய கூலியோடு. பொருளின் பக்கத்திலேயே பின்கோடைப் போட்டால் பூ விலை, டெலிவரி, மொத்தம் மூன்றும் தெரியும். இது என் தாராளமும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், கட்டணங்களையும் வரியையும் பிரித்துக் காட்டி மொத்த விலையைச் சொல்ல வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டன. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில், விலையைக் கடைசித் திரையில் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதும் ஒன்று. என் கடையின் பழைய பில் பக்கத்தை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தியது.

ஆர்டர் குறைந்தது. 120 ரூபாயைப் பார்த்துவிட்டுக் கூடையை அப்படியே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜாவின் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தைப் பூ விலையிலேயே காட்டுகிறோம், திட்டும் வாங்குகிறோம். டெலிவரிக்குப் போகும் தம்பிகளுக்கு முன்பு எவ்வளவு தூரமானாலும் நடைக்கு ஒரே கூலி. இப்போது தூரத்துக்கு ஏற்ப. அதையும் முன்பே செய்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று சாக்லேட், கேக் வரி 5 சதவீதமாகக் குறைந்தபோது முந்தின இரவு நானே உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக மாற்றினேன். அந்த வேலையை இப்போது யாரிடமும் விடுவதில்லை.

இணையத்தில் கடை வைத்திருக்கும் பூக்காரர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே உங்கள் தளத்தில் வெறும் பூ ஒன்றைக் கூடையில் போட்டுக் கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள். வரி என்று ஒரு வரி இருந்தால் ஆடிட்டரிடம் போங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: தனியாக வாங்கிய பறித்த பூவுக்கு ஜிஎஸ்டி கேட்டால், ஏன் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் போடுகிறது என்ற பதிலை ஏற்காதீர்கள். 2020 ஆயுத பூஜையிலிருந்து 2024 பொங்கல் வரை எங்கள் தளத்தில் பூ வாங்கியவர்கள் பழைய பில்லை எடுத்து வந்து காட்டினால் போதும். உங்கள் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.